திரைப் பியானோ போதுமா, ஓர்கன் வாங்கத்தான் வேண்டுமா?

இசை மென்பொருள் எதைத் திறந்தாலும் அதற்குள் எங்கோ ஒரு பியானோ ஒளிந்திருக்கும். கியூபேஸில் ஆல்ட் விசையோடு கே, கராஜ்பாண்டில் கொமாண்ட் விசையோடு கே, மியூஸ்ஸ்கோரில் பியானோ என்ற சொல்லின் முதல் ஆங்கில எழுத்து. அழுத்தினால் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் திரையில் வந்து நிற்கும். மவுஸால் தட்டினால் சத்தமும் வரும். "இதுவே இருக்கும்போது தனியாக ஓர்கன் எதற்கு?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

மட்டக்களப்புப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. பிள்ளையைச் சங்கீத வகுப்புக்கோ பியானோ வகுப்புக்கோ அனுப்பும் அம்மா, அப்பா. கோயில் பஜனைக்கும் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் பாட்டுத் தயாரிப்பவர்கள். வீட்டு லாப்டொப்பில் சொந்தமாக மெட்டுப் போட்டுப் பார்க்கும் இளவட்டங்கள். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருக்காவது காசு வீணாகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரைப் பியானோ கேட்டுப் பார்க்கவும் ஸ்வரம் போடவும் உதவும். வாசித்துப் பழக உதவாது. மெட்டுப் போடுகிறவருக்கு அது, கணினியின் எழுத்து விசைகளோடு சேர்ந்து, நெடுநாளைக்குப் போதும். வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு ஒரு கிழமைக்குக்கூடப் போதாது. காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், பார்க்க அழகாக இருக்கும் 25 கட்டைக் குட்டிக் கீபோர்டை விட, விரல் அழுத்தத்தை உணரும் 61 கட்டை ஓர்கனுக்கே என் வாக்கு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மவுஸால் தட்டினால்

மவுஸுக்கு இருப்பது ஒரே ஒரு முனை. அதனால் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான். ச, க, ப மூன்றையும் சேர்த்து ஒலிக்கவிட முடியாது. அடுத்த கட்டைக்கு மவுஸை நகர்த்துவதற்குள் தாளம் ஓடிவிடும். இப்படி நேரடியாக வாசித்து ஒரு பல்லவியைப் பதிவு செய்தவர் யாராவது இருந்தால் அவருடைய பொறுமைக்குப் பொன்னாடை போர்த்தலாம்.

அதற்காக வீண் என்று தள்ளிவிட வேண்டாம். பாடப்போகிறவரின் சுருதியைப் பிடிக்க இதைவிட விரைவான வழி இல்லை. "உனக்கு எத்தனை கட்டை?" என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. திரையில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பாடவைத்தால் ஒன்றரையா, இரண்டா, ஐந்தரையா என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு கட்டை என்பது பியானோவின் சி. இரண்டு கட்டை டி. ஐந்து கட்டை ஜி. ஐந்தரை, ஜிக்கு அடுத்த கறுப்பு.

பதிவு செய்யப்பட்ட வாத்திய ஒலிகளைப் பாவிப்பவர்களுக்கு இன்னொரு நன்மை. கொன்டாக்ட் மென்பொருளில் ஒரு வாத்தியத்தைத் திறந்தால் திரைப் பியானோவில் சில கட்டைகள் நீலமாகவும் சில சிவப்பாகவும் இருக்கும். நீலம், அந்த வாத்தியம் ஒலிக்கும் எல்லை. சிவப்பு, வாசிப்பு முறையை மாற்றும் கட்டைகள். வயலினில் வில்லை நீட்டி இழுப்பதா, விரலால் சுண்டுவதா என்பதை அவைதான் தீர்மானிக்கும். சாதாரணக் கீபோர்ட் எதிலும் இந்த நிறங்கள் தெரியாது. கீபோர்ட் வாங்கிய பிறகும் திரைப் பியானோவை மூடாமல் வைத்திருப்பவர்கள் பலர் இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

நான்கு குரலில் பாடும் தேவாலயக் குழுக்களுக்கு இது ஒரு நல்ல பயிற்சிக் கருவியும்கூட. பாட்டின் மிடி கோப்பை (எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகள் மட்டும் உள்ள கோப்பு) திறந்து, ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) வரியைத் தவிர மற்றதை நிறுத்தி, வேகத்தைப் பாதியாக்கி ஓடவிடுங்கள். கட்டைகள் தாமாக நிறம் மாறுவதைப் பார்த்தபடி, காதால் கேட்டபடி பாடகர் தன் வரியைப் பிடித்துக்கொள்வார். நொட்டேஷன் படிக்கத் தெரியாதவருக்கும் இது சரிவரும்.

ஒரு சிறு குறிப்பு. சில மென்பொருளில் கட்டையின் மேற்பகுதியைத் தட்டினால் மெதுவாகவும் கீழ்ப்பகுதியைத் தட்டினால் பலமாகவும் ஒலிக்கும். இது தெரியாமல் "ஏன் சத்தம் ஒரே அளவாக வருகுதில்லை?" என்று குழம்புகிறவர்கள் உண்டு. வி.எம்.பி.கே. என்ற இலவச மென்பொருளை இறக்குகிறவர்களுக்கு வேறொரு குழப்பம்: அது கட்டைகளை மட்டும் தரும், சத்தத்தைத் தானாகத் தராது. சத்தம் தரும் இன்னொரு மென்பொருளோடு அதை இணைக்க வேண்டும். பழுது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

எழுத்து விசைகள்: உண்மையான வேலை இங்கேதான்

திரைப் பியானோவை மவுஸால் தட்டாமல் கணினியின் எழுத்து விசைகளால் வாசிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டு விதமான அமைப்பு உண்டு. கராஜ்பாண்டிலும் ஏபிள்டன் லைவிலும் ஏ, எஸ், டி, எஃப் என்று ஓடும் நடு வரிசை வெள்ளைக் கட்டைகள். அதற்கு மேல்வரிசையில் இடைக்கிடை கறுப்புக் கட்டைகள். ஏ என்பது ச என்று வைத்துக்கொண்டால் மாயாமாளவகௌளை ஆரோகணம் இப்படி வரும்: ஏ, டபிள்யூ, டி, எஃப், ஜி, ஒய், ஜே, கே. சரளி வரிசையை இதில் தட்டிப் பாருங்கள். சிறிது நேரத்தில் விரல் தானாகப் போகும். எஃப்.எல். ஸ்டூடியோவிலும் எல்.எம்.எம்.எஸ்.ஸிலும் அடி வரிசை இசட்டில் இருந்து ஒரு ஸ்தாயி, மேல் வரிசை கியூவில் இருந்து அடுத்த ஸ்தாயி. இது இரண்டரை ஸ்தாயி வரை தருவதால் மெட்டுப் போடுகிறவருக்கு எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது அமைப்புத்தான். முதலாவதில் ஸ்தாயி மாற இசட், எக்ஸ் விசைகளை அடிக்கடி தட்ட வேண்டும்.

இதில் தாளத்தோடு வாசிக்கலாம், இரண்டு கை பாவிக்கலாம், ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தலாம். ஆனால் மூன்று ஸ்வரத்தைச் சேர்த்து அழுத்தும்போது சில லாப்டொப்களில் ஒன்று ஒலிக்காது. மென்பொருளைத் திட்ட வேண்டாம். சாதாரண விசைப்பலகைக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி இல்லை. நிரையும் நிரலுமாக ஒரு வலைதான் இருக்கிறது. அந்த வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள் ஒன்றாக அழுத்தப்பட்டால், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டது போல மின்சுற்றுக்குத் தோன்றும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க விசைப்பலகை மூன்றாவதை விழுங்கிவிடும். உங்களுடையது எப்படி என்று பார்க்க நோட்பேட்டைத் திறந்து, நீங்கள் பாவிக்கும் மூன்று எழுத்துகளை ஒரே நேரத்தில் அழுத்துங்கள். மூன்றும் விழுந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஸ்தாயியை மாற்றியோ வேறு விசைச் சேர்க்கையில் அழுத்தியோ பாருங்கள். கேம் விளையாடுபவர்களுக்காக விற்கும் விசைப்பலகைகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

அடுத்த குறை இதைவிடப் பெரியது. மிடி என்ற முறை 1983இல் வந்தது. ஒரு கட்டையை அழுத்தினால் எந்தக் கட்டை என்பதை 0 முதல் 127 வரையான ஒரு எண்ணாலும், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதை 1 முதல் 127 வரையான இன்னொரு எண்ணாலும் அது குறித்துக்கொள்ளும். நடு ஸ்தாயியின் சி 60. எழுத்து விசைக்கு அழுத்தம் தெரியாது. அழுத்தப்பட்டதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். ஆகவே எல்லா ஸ்வரமும் 100 போன்ற ஒரே எண்ணில் பதிவாகும். புல்லாங்குழலுக்கும் தம்புராவுக்கும் இது பெரிய குற்றமாகத் தெரியாது. தாள வாத்தியத்துக்கு வந்தால் உயிரே போய்விடும். வடமோடிக் கூத்தின் தாளக்கட்டை மத்தள ஒலிகளை வைத்துப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். அண்ணாவியாரின் கையில் ஓங்கி விழும் அடியும் சும்மா தடவிப் போகும் அடியும் ஒரே பலத்தில் விழுந்தால், கேட்கிறவனுக்கு ஆடத் தோன்றாது.

இதற்கு மருந்து உண்டு, ஆனால் நேரம் எடுக்கும். பதிவு செய்த பிறகு ஒவ்வொரு ஸ்வரத்தின் கீழும் உள்ள கோட்டை மவுஸால் இழுத்து உயர்த்தித் தாழ்த்தலாம். முதல் அடி 110, அடுத்தது 70, மூன்றாவது 85 என்று கையால் வரைந்தால் தாளம் மூச்சுவிடத் தொடங்கும். ஏபிள்டனிலும் கராஜ்பாண்டிலும் சி, வி விசைகளால் வாசிக்கும்போதே அளவைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் வாசிக்கும் கை அதற்கும் ஓட வேண்டும்.

தாமதம் பற்றியும் சொல்ல வேண்டும். விசையைத் தட்டிச் சற்றுப் பொறுத்துச் சத்தம் வந்தால் யாராலும் தாளத்தில் வாசிக்க முடியாது. மென்பொருளின் ஒலி அமைப்பில் பஃபர் என்று ஒரு எண் இருக்கும்; சத்தத்தை வெளியே விடுமுன் கணினி சேர்த்துவைக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை அது. செக்கனுக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் 256 என்றால் கிட்டத்தட்ட 6 மில்லி செக்கன், 512 என்றால் 12, 1024 என்றால் 23. விண்டோஸில் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு 256இல் வைத்தால் பழைய லாப்டொப்கூடச் சமாளிக்கும். கரகரப்பு வந்தால் 512க்கு ஏற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புளூடூத் இயர்போனைக் கழற்றி வையுங்கள். அது மட்டும் நூறு மில்லி செக்கனுக்கு மேல் தாமதத்தைச் சேர்க்கும். கம்பியுள்ள சாதாரண இயர்போன் இதில் விலையான புளூடூத்தை வென்றுவிடும்.

சத்தமே வராவிட்டால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ட்ராக்கில் பதிவுப் பொத்தான் சிவப்பாக இருக்கிறதா? கணினியின் எழுத்து முறை தமிழுக்கு மாறியிருக்கிறதா? தமிழில் தட்டச்சு செய்துவிட்டு அப்படியே இசை மென்பொருளுக்கு வருகிறவர்களுக்குச் சில மென்பொருளில் விசைகள் ஊமையாகிவிடும். ஆங்கிலத்துக்கு மாற்றினால் சரி.

பியானோ ரோலில் வரைவது

இது வாசிப்பே இல்லை. கட்டம் போட்ட திரையில் ஸ்வரங்களை மவுஸால் வரைவது. மெதுவான வேலை. ஆனால் வாசிக்கவே தெரியாதவர் ஒரு முழுப் பாட்டையும் பிழையின்றிப் போட முடியும், தாளம் பிசகாது. எல்.எம்.எம்.எஸ். முற்றாக இலவசம். எஃப்.எல். ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பில் கவனம்: சேமிக்கலாம், ஆனால் மூடிய பிறகு காசு கட்டும்வரை அந்த வேலையைத் திரும்பத் திறக்க முடியாது. ஸ்வரத்தாளாக அச்சிட வேண்டும் என்றால் மியூஸ்ஸ்கோர். அதுவும் இலவசம்.

கைத்தொலைபேசியும் டேப்லெட்டும்

பலர் முதலில் ஓடுவது இங்கேதான். கையில் ஏற்கெனவே இருக்கிறது, பியானோ செயலியும் சும்மா கிடைக்கிறது. பல விரலைச் சேர்த்து வைக்கலாம் என்பது மவுஸுக்கு மேலான நன்மை.

ஆனால் ஒரு அளவுகோலை எடுத்துப் பாருங்கள். உண்மையான பியானோவின் ஒரு வெள்ளைக் கட்டை ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர் அகலம். ஒரு ஸ்தாயிக்கு ஏழு வெள்ளைக் கட்டை, ஆக 165 மில்லிமீட்டர். ஆறரை அங்குலத் தொலைபேசியைப் படுக்கையாகப் பிடித்தால் திரையின் நீளம் 150 மில்லிமீட்டர் அளவில்தான் வரும். உண்மையான அளவில் ஒரு ஸ்தாயிகூட அதற்குள் அடங்காது. பத்து அங்குல டேப்லெட்டில் ஒன்பது கட்டை அடங்கும். ஆகவே செயலிகள் கட்டையைச் சுருக்கித்தான் காட்டுகின்றன. சுருங்கிய கட்டையில் பழகிய விரல் பெரிய கட்டைக்குப் போனதும் தடுமாறும். கண்ணாடித் திரையில் கட்டையின் விளிம்பு கைக்குத் தட்டுப்படாததால் கண்ணை எடுக்கவும் முடியாது. பாடிக்கொண்டு வாசிக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய தடை.

அழுத்தமும் தெரியாது. ஐபேட் கராஜ்பாண்ட் 2011இல் வந்தபோது, விரல் தட்டும்போது கருவி அதிர்வதை அதன் உள்ளே உள்ள உணரியால் அளந்து பலத்தை ஊகிக்கும் உபாயத்தைக் கொண்டுவந்தது. கெட்டிக்கார வேலைதான். ஆனாலும் ஊகம் ஊகமே.

தொலைபேசியை நான் சிபாரிசு செய்வது வேறு வேலைக்கு. அண்ட்ராய்டு 6.0இல் இருந்து தொலைபேசியை யூ.எஸ்.பி. கேபிளால் கணினியோடு பொருத்தி, வரும் தெரிவுகளில் மிடி என்பதைத் தேர்ந்தால், மிடி அனுப்பக்கூடிய செயலி ஒன்றின் மூலம் தொலைபேசியே கணினிக்கு ஒரு குட்டிக் கீபோர்டாகிவிடும். சத்தம் கணினியில் இருந்து வருவதால் தொலைபேசியின் ஒலித் தாமதம் தொந்தரவு செய்யாது. தாளத் தட்டுகளுக்கு இது எழுத்து விசையை விட நன்றாக இருக்கும்.

கமகம் என்ற தொல்லை

கர்நாடக இசை படிப்பவர்களுக்கு எந்தக் கட்டை வாத்தியமும் அரைகுறைதான். ஸ்வரத்தில் இருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகக் கட்டை விடாது. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் தடை செய்து, 1971இல்தான் தடையைத் தளர்த்தியது. அந்தச் சண்டையின் அடியிலும் இருந்தது இதே குறைதான்.

இந்த ஒரு விஷயத்தில் திரை, சாதாரண ஓர்கனை முந்துகிறது என்பது என் கருத்து. ஐபேட் கராஜ்பாண்டில் கட்டையின் மேல் விரலை இழுத்தால் சுருதி வழுக்கும்படி அமைக்கலாம். மிடியின் சுருதி வளைப்பு 16,384 படிகள் கொண்டது. வழக்கமாக இரண்டு அரைஸ்வரம் மேலும் இரண்டு கீழும் போகும். ஒரு காம்போதியின் நிஷாதத்தை அசைத்துக் காட்ட அது தாராளம். மவுஸால் வளைவை வரைந்தும் கமகம் போடலாம். பொறுமை வேண்டும், ஆனால் கேட்க நன்றாக வரும்.

சுருதி நிலைகளையும் மாற்றலாம். ஓர்கனிலும் திரைப் பியானோவிலும் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம துண்டு, துண்டுக்கு 100 சென்ட். அதன்படி அந்தர காந்தாரம் 400இல் விழும். தம்புராவோடு இழைந்து பாடும் தொண்டை தேடுவது 386க்குப் பக்கத்தில். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழ் யாழ்களின் சுருதிகளைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தவர். அந்தக் கணக்குகளைக் காதால் கேட்டுப் பார்க்க ஆசைப்படும் மாணவர், சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கலாம். விலை குறைந்த ஓர்கனில் இதைத் தேடாதீர்கள். கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் வாய்ப்பாட்டுப் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு ஓர்கனே அவசியமில்லை. சுருதிப்பெட்டியும், சந்தேகம் வந்தால் தட்டிப் பார்க்கத் திரைப் பியானோவும் போதும்.

25 கட்டையா, 61 கட்டையா?

இனிக் காசு விஷயம். கடைகளிலும் இணையத்திலும் அக்காய் எம்.பி.கே. மினி, கோர்க் நானோகீ போன்ற 25 கட்டைக் கீபோர்டுகள் பொடியன்களின் கண்ணைப் பறிக்கின்றன. பையில் அடங்கும். கணினியின் யூ.எஸ்.பி.யில் இருந்தே கரண்ட் எடுக்கும். அழுத்தத்தை உணரும். அறைக்குள் இருந்து மெட்டுப் போடுகிறவருக்கு எழுத்து விசையை விட எவ்வளவோ மேல்.

ஆனால் அதற்குள் சத்தம் இல்லை. கணினி இல்லாமல் அது வெறும் கட்டைதான். இரண்டு ஸ்தாயி மட்டும் இருப்பதால் இடது கையும் வலது கையும் முட்டும். கட்டைகளும் சிறியவை.

எங்கள் பக்கத்து வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். இன்று வீட்டில் மெட்டுப் போடுகிறவரை நாளைக்குக் களுவாஞ்சிகுடியில் ஒரு பாடசாலை விழாவுக்கு வாசிக்கக் கூப்பிடுவார்கள். மார்கழியில் திருவெம்பாவைக்குக் கோயிலில் கேட்பார்கள், நத்தாருக்குத் தேவாலயத்தில் கேட்பார்கள். லாப்டொப், டிரைவர், கேபிள், ஸ்பீக்கர் என்று ஒரு மேசையைப் பரப்பி, மென்பொருள் நடுவில் நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டு வாசிக்க முடியாது. ஓர்கனைத் தூக்கி வைத்து, பொத்தானைத் தட்டினால் சத்தம் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனாலும் ஓர்கன் பற்றரியில் ஓடும், யமஹா பி.எஸ்.ஆர். இ373க்கும் கசியோ சி.டி. எஸ்300க்கும் ஆறு ஏஏ பற்றரி போதும்.

அதே ஓர்கனை யூ.எஸ்.பி.யால் கணினியோடு பொருத்தினால் 25 கட்டைக் கீபோர்ட் செய்யும் முக்கிய வேலையையும் செய்யும். யமஹாவுக்கு வேண்டியது பிரிண்டருக்குப் பாவிக்கும் அதே கேபிள். நகரில் எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும். ஒரே ஸ்வரம் ஓர்கனிலும் கணினியிலும் இரட்டையாகக் கேட்டால், ஓர்கனின் அமைப்புக்குள் போய் லோக்கல் என்பதை நிறுத்துங்கள்.

பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கசியோ சி.டி. எஸ்200 பார்வைக்கு எஸ்300இன் இரட்டைப் பிள்ளை. ஆனால் எஸ்200க்கு அழுத்தம் தெரியாது, எஸ்300க்குத் தெரியும். யமஹா பி.எஸ்.ஆர். எஃப்51இல் 61 கட்டை இருக்கிறது. அழுத்த உணர்வும் இல்லை, கணினியோடு பொருத்த யூ.எஸ்.பி.யும் இல்லை. அதை வாங்கி மென்பொருளோடு பாவிக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

பிள்ளைக்கு என்றால்

ஆரையம்பதியில் சொந்தக்கார மாமி ஒருவர் கேட்டார்: "தம்பி, இவன் லாப்டொப்பிலயே நல்லா வாசிக்கிறான். பிறகு என்னத்துக்கு ஓர்கன்?"

"மாமி, அவனுக்குப் பாட்டுத்தான் பழகியிருக்கு. விரல் பழகல்ல."

எழுத்து விசைகளில் பழகும் பிள்ளைக்குக் கட்டைவிரலை மற்ற விரலுக்கு அடியில் கொண்டுபோகும் பழக்கம் வராது. மெதுவாகவும் பலமாகவும் அழுத்தும் வித்தியாசம் கைக்குத் தெரியாது. இந்த இரண்டும் முதல் வருடத்திலேயே படிய வேண்டியவை. மேலைத்தேய சங்கீதத்தைப் பாடமாக எடுக்கும் பிள்ளைக்கு, அழுத்தம் உணரும் 61 கட்டை மிகக் குறைந்த தேவை. பியானோவையே குறியாக வைத்தால் பின்னால் 88 கட்டைக்குப் போக வேண்டியிருக்கும். அதுவரை லாப்டொப்பைப் பறித்து வைக்கவும் வேண்டாம். காதுப் பயிற்சிக்கும் மெட்டுப் போட்டு விளையாடவும் அது இருக்கட்டும்.

புதியது வாங்கக் கை கடித்தால் பாவித்த ஓர்கன் நல்ல வழி. கல்முனையிலும் மட்டக்களப்பு நகரிலும் விசாரித்தால் இசைக்குழுக்காரர் யாராவது மாற்றிக்கொண்டிருப்பார்கள். பழைய மாதிரிகளில் யூ.எஸ்.பி.க்குப் பதிலாக ஐந்து ஊசி வட்டத் துளை இருக்கும். அதைக் கணினியோடு பொருத்த, யூ.எஸ்.பி.க்கு மாற்றும் ஒரு மிடி கேபிளைத் தனியாக வாங்க வேண்டும். மிக மலிவானதை வாங்கினால் வேகமாக வாசிக்கும்போது ஸ்வரம் தவறலாம். அடாப்டரையும் கூடவே கேட்டு வாங்குங்கள். யமஹாவுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட், கசியோவின் பல மாதிரிகளுக்கு 9 அல்லது 9.5. ஒன்றுக்கு உரியதை மற்றதில் குத்தினால் ஓர்கன் பழுதாகலாம்.

பார்க்கப் போகும்போது லாப்டொப்பையும் கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். பொருத்திவிட்டு மென்பொருளின் திரைப் பியானோவைத் திறந்து வைத்து, இடது கோடியில் இருந்து ஒவ்வொரு கட்டையாக, ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை பலமாகவும் அழுத்துங்கள். திரையிலும் அதே கட்டை நிறம் மாறி, விரலை எடுத்ததும் பழைய நிறத்துக்கு வர வேண்டும். அழுத்த எண்ணும் கூடிக் குறைய வேண்டும். ஒரு கட்டை எப்படி அழுத்தினாலும் 127 என்றே காட்டினால் அதன் அடியில் உள்ள ரப்பர் தொடுகை தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. ஒன்று இரண்டு என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு, கழற்றித் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். நடு ஸ்தாயியில் நாலைந்து கட்டை அப்படி இருந்தால் வேறு ஓர்கன் பாருங்கள்.